மரவேலைக்கான துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படலை, ஆட்டுக் கொட்டில், கிணற்றடி மேடை, கடற்கரை வாடி என வெயிலிலும் மாரியிலும் வெளியே நிற்கும் மரவேலைகளுக்குத் தடித்த திருகாணி வாங்குவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. கடைகளில் 'எஸ்.எஸ். ஸ்குரூ' என்று கேட்டால் கிடைக்கும் பொருளைப் பற்றியே பேசுகிறோம். வாங்குவதில் ஏற்படும் தவறுகளைவிடப் பாலை, முதிரை ஆகிய கடின மரங்களில் அதை முடுக்கும்போது ஏற்படும் தவறுகளே மிகுதி என்பதால், அந்தப் பகுதி சற்று நீண்டிருக்கிறது.

வெளி வேலைக்கு இரும்பு ஆணியோ நாக முலாம் பூசிய திருகாணியோ போதாதா?

சில வேலைகளுக்குப் போதும். மூன்று நான்கு ஆண்டுகளில் எப்படியும் மாற்றப்போகும் தற்காலிக வேலிக்கோ கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் மரச்சட்டத்துக்கோ விலை கூடிய திருகாணி வாங்குவது வீண் செலவு. ஆனால் நனைந்து காய்ந்து நனையும் இடத்தில் சாதாரண முலாம் மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது. திருகாணியை முடுக்கும்போதே புரிகளின் விளிம்பிலும் தலையின் பள்ளத்திலும் முலாம் உரிந்துவிடுவதால், துரு அங்கிருந்துதான் தொடங்கும். தேக்குப் போன்ற மரங்களில் இயல்பாக உள்ள துவர்ப்புப் பொருட்கள் ஈர இரும்பைத் தொட்டவுடன் நீலக்கறுப்புக் கறையை உண்டாக்குகின்றன. ஆணித்தலையிலிருந்து கீழ்நோக்கி மை வடிந்ததுபோல் படலைப் பலகையில் தெரியும் கோடு அதுதான். அந்தக் கறைக்கு அடியில், ஆணியைச் சுற்றியுள்ள மரமும் காலப்போக்கில் இளகிப் பிடியை இழக்கிறது.

304, 316, 410 என்று சொல்கிறார்களே, எங்கே எதை வாங்குவது?

குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒக்சைட்டுப் படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் அது தானே மறுபடியும் உருவாகும். துருவைத் தடுப்பது இந்தப் படலமே. 304 தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. 316 தரத்தில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினமும் சேர்கிறது. உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைப்பதை மொலிப்டினம் தடுக்கிறது. பெட்டிகளில் 304 வகையை 'ஏ2' என்றும் 316 வகையை 'ஏ4' என்றும் அச்சிட்டிருப்பார்கள்.

மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற, கடலிலிருந்து தள்ளியுள்ள பகுதிகளில் ஏ2 தாராளமாகப் போதும். அங்கே ஏ4 வாங்குமாறு வற்புறுத்துபவர் உங்கள் பணத்தை எண்ணித்தான் வற்புறுத்துகிறார். முல்லைத்தீவுக் கரை, கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடலோரம், பூநகரி, ஆனையிறவு உப்பளச் சூழல் ஆகியவற்றில் உப்புக்காற்று நேரே படும் வேலைக்கு ஏ4 வாங்குங்கள். மழைநீர் பட்டுக் கழுவப்படும் தலைகளைவிட, தாழ்வாரத்துக்குக் கீழே மழைபடாமல் உப்பு மட்டும் படிந்துகொண்டிருக்கும் தலைகளே விரைவில் பழுப்பேறுகின்றன. கூரைக்குள் இருப்பது பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் கடற்கரை விறாந்தைக்கு மலிவானதைப் போடுவது அதனால்தான் பிழையாகிப்போகிறது.

410 என்பது வேறொரு வகை. அதில் நிக்கல் பெரும்பாலும் இல்லை, குரோமியமும் 12 சதவீதத்தை ஒட்டியதே. ஆனால் வெப்பமூட்டிக் கடினமாக்கலாம் என்பதால், தானே துளையிட்டுச் செல்லும் திருகாணிகளை இதில் செய்கிறார்கள். அது எளிதில் முறியாது. கடற்காற்றில் துருப்பிடிக்கும்.

கடையில் தருவது உண்மையில் எந்த வகை என்று எப்படி அறிவது?

முதலில் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். காந்தம் பளீரென்று இழுத்து ஒட்டிக்கொண்டால் அது 410 ஆகவோ முலாம் பூசிய வெறும் உருக்காகவோ இருக்கலாம். லேசாக இழுத்தால் ஏமாற்றம் என்று முடிவு செய்யாதீர்கள். 304 கம்பியைக் குளிர்நிலையில் அழுத்திப் புரி வெட்டும்போது அதற்குச் சிறிதளவு காந்த இயல்பு வந்துவிடும். 304ஐயும் 316ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. அதற்கு மொலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் துளி தேவை, அல்லது நம்பத்தகுந்த பெட்டி தேவை.

தோட்டத்துக்கு மருந்தடிக்க வைத்திருக்கும் மயில்துத்தமும் (செப்புச் சல்பேற்று) இதற்குக் கைகொடுக்கும். ஒரு திருகாணியின் நுனியை வெட்டி, வெட்டிய முகத்தைப் புதிய மணல்தாளில் தேய்த்து, தண்ணீரில் கரைத்த மயில்துத்தத்தில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டு ஐந்தாறு நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். இரும்பாயின் செப்புநிறம் படியும். 304, 316 வகைகளில் படியாது. 410 வகையிலும் செப்பு படியக்கூடும் என்பதால், இந்தச் சோதனை அதையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும். பழைய மணல்தாளைப் பயன்படுத்தினால் அதில் ஒட்டியிருந்த இரும்புத் தூள் பொய்ச்சாட்சி சொல்லிவிடும். மயில்துத்தம் நஞ்சு, கையைக் கழுவுங்கள், சோதித்த திருகாணியை மரத்தில் போடாதீர்கள்.

நல்ல திருகாணி என்று சொல்லி வாங்கினேன். பாலைக் குற்றியில் முடுக்கும்போது தலை கழன்றுவிட்டது. ஏன்?

எம்மிடம் மிக அடிக்கடி வரும் கேள்வி இது. துரு பிடிக்காது என்பதற்கும் முறியாது என்பதற்கும் தொடர்பில்லை. ஏ2-70 என்று குறிக்கப்பட்ட உருக்கின் இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 700 நியூட்டன்; கடினப்படுத்திய சாதாரண உருக்குத் திருகாணிகள் பெரும்பாலும் இதைவிடக் கூடிய வலிமை உடையவை. மறுபுறம் பாலை, தண்ணீரில் போட்டால் அமிழும் அளவுக்கு அடர்ந்த மரம். முதிரையும் அதற்கு மிகவும் பின்தங்கியதல்ல. மென்மரத்துக்கென்று எழுதப்பட்ட பெட்டியில் 'துளையிடத் தேவையில்லை' என்று இருப்பதை நம்பி இவற்றில் நேரே முடுக்கினால், புரிகளுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வே திருகாணியின் முறுக்கு வலிமையைத் தாண்டிவிடும். அப்போது தண்டு புரி தொடங்கும் இடத்திலோ தலைக்குச் சற்றுக் கீழேயோ அறுந்துபோகும்.

அறுவதற்கு முன் அது அறிவிப்பும் தருகிறது. முடுக்கும் சத்தம் கிரீச்சென்று உயர்கிறது, துளை வாயில் மரத்தூள் லேசாகக் கருகி மணக்கிறது, தலையைத் தொட்டால் விரல் சுடுகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, திருகாணியை வெளியே எடுத்து, துளையைச் சற்று அகலமாக்கி மெழுகு பூசி மீண்டும் இறக்குபவருக்கு ஒன்றும் முறிவதில்லை. 'இன்னும் அரை அங்குலந்தானே' என்று விசையை அழுத்துபவருக்கே முறிகிறது.

இம்பாக்ட் டிரைவர் எனப்படும் தட்டி முடுக்கும் கருவியை இந்த மரங்களில் தவிர்ப்பது நல்லது. இறுக்கம் கூடினால் தானே விட்டுக்கொடுக்கும் கிளட்ச் உள்ள பற்றரி டிரிலைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, கடைசி இரண்டு மூன்று சுற்றைத் திருப்புளியால் கையாலேயே முடுக்குங்கள். சந்தேகமான மரமாயின், அதே அளவுள்ள கடின உருக்குத் திருகாணி ஒன்றை முதலில் இறக்கிப் புரி வெட்டவிட்டு, அதைக் கழற்றிவிட்டு, துருப்பிடிக்காததை அதே வழியில் இறக்கலாம். பழைய தச்சர்கள் பித்தளைத் திருகாணிக்குச் செய்துவந்த முறை இதுதான்.

வழித்துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

திருகாணியின் புரிகளை நீக்கிவிட்டு எஞ்சும் நடுத்தண்டின் பருமனை அளந்து பாருங்கள். வேம்பு போன்ற நடுத்தர மரத்தில் துளை அந்தப் பருமனைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கலாம். பாலையிலும் முதிரையிலும் அதற்குச் சமமாகவோ இம்மியளவு கூடுதலாகவோ இருக்க வேண்டும். நடைமுறையில், 5 மி.மீ. திருகாணிக்கு வேம்பில் 3 மி.மீ. துளையும் பாலையில் 3.5 மி.மீ. முதல் 4 மி.மீ. வரையான துளையும் பொருந்தும். 6 மி.மீ. திருகாணிக்குப் பாலையில் 4.5 மி.மீ. வரை போகலாம். அறுகோணத் தலையுடன் வரும் 8 மி.மீ. தடித்த திருகாணிக்கு இரண்டு துளைகள் வேண்டும்: புரியில்லாத தண்டுப்பகுதிக்கு 8 மி.மீ., புரியுள்ள பகுதிக்கு 5.5 மி.மீ. அல்லது 6 மி.மீ. துளை திருகாணியின் முழு ஆழத்துக்கும் போக வேண்டும். நுனியில் அரை அங்குலம் துளையில்லாமல் விட்டால் முறிவு அந்த அரை அங்குலத்தில்தான் நிகழும்.

மேலே வரும் பலகையில் புரிகள் பிடிக்கக்கூடாது. அந்தப் பலகையில் திருகாணி தடையின்றி நழுவும் அளவுக்குத் துளையிட்டால்தான் அது கீழ்மரத்தோடு இறுக ஒட்டும். தட்டைத் தலையாயின் தலை இருக்கும் குழியையும் முன்கூட்டியே குடைந்துவிடுங்கள்.

பெரிய துளையிட்டால் பிடி குறையுமே என்று பலர் தயங்குகிறார்கள். அடர்ந்த மரத்தில் புரிகளின் விளிம்பு மட்டும் கடித்தாலே போதிய பிடி கிடைக்கும்.

சவர்க்காரம் தடவலாமா?

வேண்டாம். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேன்மெழுகு மிக நன்று; வன்னியில் காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் அது கிடைப்பது நமக்கு ஒரு வசதி. அது இல்லாவிட்டால் மெழுகுதிரியைப் புரிகளில் உரசிக்கொள்ளுங்கள்.

நீளமும் தடிப்பும் எப்படித் தீர்மானிப்பது?

கடைகளில் அங்குலமும் இலக்கமும் இன்னும் வழக்கில் உள்ளன. 8ஆம் இலக்கம் சுமார் 4.2 மி.மீ., 10ஆம் இலக்கம் 4.8 மி.மீ., 12ஆம் இலக்கம் 5.5 மி.மீ., 14ஆம் இலக்கம் 6.3 மி.மீ. எனக் கொள்ளலாம். கீழ்மரத்துக்குள் புரியுள்ள பகுதி திருகாணிப் பருமனின் ஆறு மடங்காவது இறங்க வேண்டும். அதாவது 5 மி.மீ. திருகாணிக்கு 30 மி.மீ. ஒரு அங்குலப் பலகையை மூன்று அங்குலக் கம்பத்தில் பொருத்த 5 மி.மீ. பருமனும் 60 மி.மீ. அல்லது 65 மி.மீ. நீளமும் உள்ளது சரியாக இருக்கும். அதைவிட நீளமானது பாலையில் கூடுதல் உராய்வை மட்டுமே தரும். வேம்பிலும் பிற இளகிய மரங்களிலும் நீளத்தைக் கூட்டுவது பயன் தரும்.

மரத்தின் முனையிலிருந்து பருமனின் ஏழு மடங்கு தூரமாவது விட்டுத் துளையிடுங்கள். பாரம் அந்த முனையை நோக்கி இழுக்குமாயின் பன்னிரண்டு மடங்கு விடுங்கள். பக்க விளிம்பிலிருந்து மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் ஓடும் திசையிலேயே, இறக்கும் திருகாணி இழுவையை நம்பகமாகத் தாங்காது.

பனஞ்சிலாகையில் இந்தத் திருகாணி பிடிக்குமா?

வைரத்தில் பிடிக்கும், உட்சோற்றில் பிடிக்காது. பனையில் மற்ற மரங்களுக்கு மாறாக வெளிப்புறமே கடினமானது. கறுப்பு நார்கள் நெருங்கியிருக்கும் அந்தப் பகுதியில் புரிகள் முழுதாக அமையுமாறு சிலாகையைத் திருப்பி வைத்துத் துளையிடுங்கள். வைரப் பனையில் நார்கள் துளைக்கும் அலகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் என்பதால், தொடக்கத்தில் ஒரு கூரிய ஆணியால் குழி செய்துகொண்டு கூரான அலகால் மெதுவாகத் துளைப்பது நல்லது. வழித்துளையின்றி முடுக்கினால் சிலாகை நீளவாட்டில் பிளந்துவிடும்.

கூரைத் தகரத்தை அடிக்கவும் இதையே பயன்படுத்தலாமா?

கூடாது. நாகமும் அலுமினியமும் பூசிய தகரத்தை இந்தத் திருகாணி தொட்டு, இரண்டும் ஈரமானால் மின்வேதியல் அரிப்பு தொடங்கும். அதில் கரைவது தகரத்தின் பூச்சு. திருகாணி பளபளவென்று நிற்க, அதைச் சுற்றித் தகரம் ஓட்டையாகும். கரையோரத்தில் உப்பு ஈரம் இதை விரைவுபடுத்தும். தகரத்துக்கென்றே பூச்சிட்டு, இறப்பர் வாசருடன் விற்கப்படும் கூரைத் திருகாணிகளை வாங்குங்கள்.

ஆட்டுக் கொட்டிலின் தளச்சிலாகைகள் இரண்டு ஆண்டில் கழன்றுவிடுகின்றன. இது உதவுமா?

நிச்சயமாக உதவும். உயர்த்திக் கட்டிய கொட்டிலில் சிறுநீரும் புழுக்கையும் இடுக்குகளில் தேங்குவதால் இரும்பு ஆணிகளுக்கு ஓயாத ஈரமும் உப்பும் கிடைக்கின்றன. ஆடுகள் நடக்கும்போது சிலாகை அசைந்து ஆணியை மேலே தள்ளுகிறது; கிளம்பிய ஆணி குளம்பைக் கிழிக்கிறது. ஏ2 வகையில் 5 மி.மீ. திருகாணி, ஒவ்வொரு குறுக்குமரத்திலும் இரண்டு வீதம், தலை மரத்தின் மட்டத்துக்கு ஒரு மில்லிமீற்றர் கீழே அமையுமாறு இறக்கினால் போதும். வேறொரு பயனும் உண்டு: உடைந்த சிலாகையை மட்டும் கழற்றி மாற்றலாம்.

எந்தத் தலையை வாங்குவது?

ஆறு முனை நட்சத்திரப் பள்ளம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 5 மி.மீ. திருகாணிக்குப் பெரும்பாலும் 25ஆம் இலக்க அலகும், 6 மி.மீ. திருகாணிக்கு 30ஆம் இலக்க அலகும் பொருந்தும். கூட்டல் குறிப் பள்ளத்தில் பிலிப்ஸ், பொசிடிரைவ் என இரு வகைகள் உண்டு. ஒன்றின் அலகை மற்றதில் வைத்தால் பள்ளம் சிதைந்துவிடும்.

ஊஞ்சல், கிணற்றுத் துலா போன்றவற்றைத் தாங்க எத்தனை திருகாணி வேண்டும்?

மனித உயிர் தொங்கும் இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்க முயலாதீர்கள். மரத்தை ஊடுருவி மறுபுறம் வந்து, அகன்ற வாசரும் நட்டும் போட்டு முடுக்கும் போல்ற் அங்கே தேவை. துருப்பிடிக்காத போல்ற்றில் அதே உலோக நட்டை வேகமாக முடுக்கினால், புரிகள் ஒன்றையொன்று உரசிப் பற்றி, முன்னும் பின்னும் அசையாமல் இறுகிவிடும். புரிகளில் கிறீஸ் தடவி, கையால் மெதுவாக முடுக்கினால் அது நேராது.

இறங்குதுறைக் கம்பங்களிலும் மரப்படகிலும் பயன்படுத்தலாமா?

நீர்மட்டத்துக்கு மேலே ஏ4 பயன்படுத்தலாம். எப்போதும் கடல்நீரில் ஊறும் மரத்துக்குள் அதையும் நம்ப முடியாது. காத்துநிற்கும் ஒக்சைட்டுப் படலத்துக்கு ஒட்சிசன் வேண்டும். ஈர மரத்தின் இடுக்கில் அது கிடைக்காதபோது தலை நன்றாகத் தெரிய, உள்ளே தண்டு அரித்து மெலிந்துவிடும். நீருக்குக் கீழே சிலிக்கன் வெண்கல ஆணிகளே மரப்படகுக் கட்டுமானத்தில் வழக்கமானவை.

துளையிடும்போது அலகு உலோகத்தில் முட்டுகிறது. என்ன செய்வது?

போர் நடந்த பகுதிகளில் வளர்ந்த முதிர்ந்த பாலையிலும் பனையிலும் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்து, மேலே மரம் வளர்ந்து மூடியிருப்பது வன்னியின் மர ஆலைகள் அறிந்ததே. பலகையின் மேல் நார் ஓட்டத்தோடு நீண்ட கருநீலக் கறை தெரிந்தால் அதற்குள் இரும்பு இருக்கக்கூடும் என்று கொள்ளுங்கள். வலிய காந்தத்தை மெல்ல நகர்த்திப் பார்த்தாலும் மேலோட்டமாக உள்ள துண்டுகள் தெரியும். அலகு முட்டியவுடன் நிறுத்துங்கள். துளையை மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள். துண்டு ஒன்றைத் தொட்டபடி திருகாணியை இறக்கினால் ஈரத்தில் அந்த இரும்பு இன்னும் விரைவாக அரித்து, கறை பரவும். அறுக்காத குற்றியில் வெறும் துண்டைவிடப் பெரிதாக, உருண்டு நீண்ட எதுவும் தெரிந்தால் கைவைக்காமல் விலகிப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

புதிதாகப் போட்ட திருகாணித் தலைகளில் ஒரு வாரத்திலேயே துருப்புள்ளி வந்துவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

அருகில் கிரைண்டரால் இரும்பு வெட்டினீர்களா என்று முதலில் பாருங்கள். படலைக்குக் கீல் வெட்டியபோது பறந்த தீப்பொறிகள் தலைகளில் ஒட்டித் துருப்பிடித்திருக்கலாம். இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்த்தாலும் இதே விளைவுதான். நைலோன் தூரிகையும் எலுமிச்சைச் சாறும் கொண்டு தேய்த்து, நன்னீரால் கழுவுங்கள். மறுபடி வராவிட்டால் திருகாணியில் குறையில்லை. கழுவிய பின்னும் அதே இடங்களில் வந்தால் மயில்துத்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

மரம் இன்னும் பச்சையாக இருக்கிறது. இப்போதே பொருத்தலாமா?

காத்திருப்பது நல்லது. முடியாவிட்டால், பலகையின் துளையைத் திருகாணியைவிட ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலமாக்கி, தலைக்குக் கீழே துருப்பிடிக்காத வாசர் போட்டுப் பொருத்துங்கள். மாரியில் பொருத்திய பச்சைப் பலகை, சோளகக்காற்று வீசும் மாதங்களில் அகலவாட்டில் சுருங்கும்போது நகர இடமிருந்தால் வெடிக்காது. ஒரு கோடை கழிந்ததும் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.

முறிந்த துண்டை எப்படி எடுப்பது?

தலை மட்டும் போய் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பூட்டும் குறட்டால் கவ்வித் திருப்பலாம். மரத்தோடு மட்டமாக முறிந்திருந்தால், பெரும்பாலும் அதை அப்படியே விட்டு ஒன்றரை அங்குலம் தள்ளிப் புதிதாகப் போடுவதே புத்திசாலித்தனம். கட்டாயம் துளைத்து எடுக்க வேண்டுமாயின் கோபால்ட் கலந்த அலகை மெதுவாகச் சுழலவிட்டு நன்றாக அழுத்துங்கள். வேகமாகச் சுழற்றி உரசவிட்டால் இந்த உருக்கு அந்த இடத்திலேயே மேலும் கடினமாகி, பிறகு எந்த அலகும் இறங்காது.